கேசரிப் பவுடர் கரைத்த வாய்க்கால்

நான் முனைவர் பட்டம் வாங்கியது வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பற்றி. இதைச் சொன்னால் எதிரே இருப்பவர்கள் சற்று நேரம் என்னையே பார்ப்பார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, அதில் ஆராய என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை. "ரொம்பக் கஷ்டமான பாடமோ?" என்று மட்டும் கேட்பார்கள். ஆமாம் என்பேன். எவ்வளவு கஷ்டம், யாருக்குக் கஷ்டம் என்றெல்லாம் விளக்கியதில்லை. இப்போது விளக்கிவிடுகிறேன்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் பாடம் நடத்துகிறேன். வேலை நிலைக்க வேண்டுமானால் முனைவர் பட்டம் வேண்டும் என்ற நிலை வந்ததும், சேலத்தில் ஒரு பேராசிரியரிடம் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். திறந்த வாய்க்காலில் கொந்தளித்து ஓடும் நீரைக் கணினியில் உருவாக்கிக் காட்டுவது தலைப்பு. கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் மொத்தமாக ஒரே பக்கம் போவதுபோலத் தெரியும். உள்ளே அப்படி இல்லை. ஒரு துளி போகிற வழியில் அடுத்த துளி போகாது. சுழலுக்குள் சுழல், அதற்குள் இன்னொன்று. கணினி அந்த வாய்க்காலைப் பல லட்சம் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று கணக்குப் போடும். நாற்பது விநாடித் தண்ணீரைக் கணக்கிட என் மடிக்கணினிக்கு மூன்று நாள் ஆகும். அது சூடாகி நின்றுவிடாமலிருக்க, கவிழ்த்து வைத்த இரண்டு எவர்சில்வர் தட்டுகளின்மேல் அதை ஏற்றி வைத்து, எதிரே டேபிள் ஃபேனைப் போட்டிருப்பேன். அந்த மூன்று நாளும் எனக்குக் காற்று கிடையாது.

கணினி சொல்வது சரியா என்று பார்க்க நிஜ வாய்க்கால் ஒன்று வேண்டும். அதற்கு நான் அலையவே வேண்டியிருக்கவில்லை. நான் வாழ்க்கைப்பட்டது சங்ககிரிக்குத் தெற்கே, மேட்டூர்த் தண்ணீர் பாயும் ஊரில். கிளை வாய்க்கால் ஒன்று எங்கள் மாமனாரின் தென்னந்தோப்பை ஒட்டியே போகிறது. மேலே ஒரு சின்னப் பாலம், கீழே துணி துவைக்கும் படிக்கட்டு, நடுவில் ஒரு வளைவு. அந்தப் பாலத்துக்கும் படிக்கட்டுக்கும் இடைப்பட்ட வாய்க்காலையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். என் நெறியாளருக்கு மகிழ்ச்சி. "வீட்டு வாசல்லயே லேப் வெச்சிருக்கம்மா" என்றார்.

வீட்டில் மூன்றே பேர். என் கணவர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருப்பவர். வருஷத்தில் பாதி நாள் வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் மண்ணைத் துளைத்துக்கொண்டிருப்பார். மாமனார் தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர். அதிகம் பேச மாட்டார். என்னை அம்மிணி என்று கூப்பிடுவார். மனசு இளகினால் சாமி என்பார்.

ஆடி கடைசியில் தண்ணீர் திறந்ததும், கல்லூரி ஆய்வகத்திலிருந்து வேகமானி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன். நீண்ட கம்பியின் நுனியில் சின்னக் கிண்ணங்கள் சுற்றும். சுற்றை எண்ணினால் தண்ணீரின் வேகம் தெரியும். நீரோட்டத்துக்கு ஆங்கிலத்தில் கரண்ட் என்பதால் அதற்குக் கரண்ட் மீட்டர் என்றே பெயர். படிக்கட்டில் துவைத்துக்கொண்டிருந்த பெண்மணி என்ன கருவி என்று கேட்டார். நானும் கரண்ட் மீட்டர் என்றேன். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் துணிகளை வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். அறிவியலின் மேல் மக்களுக்கு எவ்வளவு மரியாதை என்று அன்று நான் நினைத்துக்கொண்டேன்.

தினமும் காலையில் கல்லூரிக்குப் போகுமுன் ஒன்றரை மணி நேரம் அளப்பேன். வளைவுக்குப் பக்கத்தில் கரைமேல் காய்ந்த தென்னை மட்டைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். உட்கார்ந்து எழுத வாகாக இருக்கும். இரண்டு பருவம் அதன்மேல் உட்கார்ந்துதான் அத்தனை அளவுகளையும் குறித்தேன்.

அளவுகள் கணினியோடு ஒத்துப்போகவில்லை. பாலத்தடியில் எல்லாம் சரியாக இருக்கும். படிக்கட்டுக்கு வந்தால், கணினி சொன்னதைவிட நிஜத் தண்ணீர் மெதுவாகப் போகும். மெதுவாகப் போனால் மட்டமாவது ஏறியிருக்க வேண்டும். மட்டமும் குறைவு. இதை என் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளையிடம் சொல்லியிருந்தால், "நடுவுல தண்ணி எங்கயோ போகுதுங்க மேடம்" என்று சொல்லியிருக்கும். நான் முனைவர் பட்ட ஆய்வாளர் என்பதால் எனக்கு அது தோன்றவில்லை.

நெறியாளர் ஒருமுறை கேட்கவும் கேட்டார். உள்ளே வருகிற தண்ணீரும் வெளியே போகிற தண்ணீரும் சமமாக இருக்கிறதா, பார்த்துவிட்டாயா என்று. பார்த்துவிட்டேன் என்றேன். உண்மையிலேயே பார்த்திருந்தேன். ஆனால் கணினிக்குள் பார்த்திருந்தேன். புள்ளிக்குப் பின் ஆறு இடம் வரைக்கும் துல்லியமாகச் சமமாக இருந்தது. அந்தத் தாளை அச்செடுத்து அவரிடம் பெருமையாகக் காட்டினேன். வாய்க்காலில் பார்த்தாயா என்று அவர் கேட்கவில்லை. அது கேட்க வேண்டிய கேள்வி என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

அதன்பிறகு எட்டு மாதம் கணினியைத் திருத்தினேன். முதலில் தரையின் சொரசொரப்பைக் கூட்டினேன். சொரசொரப்பு கூடக் கூட வேகம் குறைந்தது, ஆனால் மட்டம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் என் கணக்குப்படி அந்த வாய்க்காலின் தரை மலையோடைபோல உருண்டைப் பாறைகளால் ஆகியிருந்தது. நிஜத்தில் அது வழவழவென்ற சிமெண்டுத் தரை. அதில் நான் இரண்டு முறை வழுக்கி விழுந்திருக்கிறேன். இடுப்பில் அடியோடு வீட்டுக்கு வந்து, தைலம் தடவிக்கொண்டு, பாறைகளை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

தண்ணீர் நின்ற மாதங்களில் வெறும் வாய்க்காலில் இறங்கி அங்குலம் அங்குலமாக அளந்தேன். நாடாவையும் குச்சிகளையும் தோப்பு மோட்டார் ரூமில் வைத்திருந்தேன். அங்கே ஒரு மூலையில் கறுப்பு ஓஸ் பைப்பு ஒன்று சுருட்டிக் கிடக்கும். இடைஞ்சலாக இருந்ததால் இரண்டு மூன்று முறை நானே நகர்த்தி வைத்திருக்கிறேன்.

இப்படியே ஒன்றும் சரிவராமல் போகவே, ஒரு கண்டுபிடிப்பைச் செய்தேன். வளைவின் வெளிப்புறக் கரையோரம் வேக அளவுகள் விசித்திரமாகக் கோணிக்கொண்டிருந்தன. அந்த இடத்தில், இதுவரை யாரும் கவனிக்காத ஒரு சுழல் தரையோடு ஒட்டிச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதுதான் தண்ணீரின் விசையைத் தின்கிறது என்று எழுதினேன். மட்டம் ஏன் குறைகிறது என்பதற்கு அரைப் பக்கம் சமன்பாடு போட்டேன். இப்போது அந்த அரைப் பக்கத்தைப் படித்தால் எனக்கே புரிவதில்லை. கோயம்புத்தூரில் ஒரு கருத்தரங்கில் அதை வாசித்தேன். வண்ண வண்ணமாகச் சுழல் படம் போட்டேன். கைதட்டினார்கள். சிறந்த கட்டுரைக்கான கேடயம் கொடுத்தார்கள். மாமனார் அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

நெறியாளர் மட்டும் கேடயத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. "நல்லாருக்கும்மா. அந்தச் சுழலை ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடு" என்றார்.

தண்ணீருக்குள் நடப்பதைப் படமெடுக்கச் சாயம் கலந்து பார்ப்பது எங்கள் துறையில் வழக்கம். ஆனால் பாசனத் தண்ணீரில் கண்டதைக் கலக்க முடியாது, கீழே துணி துவைக்கிறார்கள், ஆடு மாடு குடிக்கிறது. யோசித்து, மளிகைக் கடையில் கேசரிப் பவுடர் பெரிய டப்பாவாக இரண்டு வாங்கினேன். விசேஷமா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. படிக்கட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, எதிர்க்கரையில் கைபேசியைக் கம்பில் கட்டிப் படம் ஓட விட்டுவிட்டு, ஒரு வாளி நிறையக் கேசரிப் பவுடரைக் கரைத்து, சுழலுக்கு ஐந்தடி மேலே வெளிப்புறக் கரையோரமாக மெல்ல ஊற்றினேன். ஆரஞ்சு நிறம் கரையை ஒட்டி ஒரு நாடாபோல நீண்டது. சுழல் இருக்கும் இடத்துக்கு வந்தது. சுழலவில்லை. அந்த நாடா அப்படியே தலையைக் குனிந்து, தரையை நோக்கி இறங்கி, காணாமல் போனது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் சுழல் அதை விழுங்கிவிட்டது என்று நினைத்தேன். சாயம் எங்கே வெளியே வருகிறது என்று படிக்கட்டுவரை ஓடிப் பார்த்தேன். கொஞ்சம்தான் வந்தது. திரும்பி வந்து மீதியையும் ஊற்றினேன்.

அப்போது தோப்புக்குள்ளிருந்து மாமனார் கரைமேல் ஏறி வந்தார். வேகமாக ஏறியதில் மூச்சு வாங்கியது.

"வாய்க்கால்ல சாயத் தண்ணி உட்டுட்டானுங்க அம்மிணி. தென்னம்பாத்தியில எல்லாம் செவச்செவன்னு வந்து நிக்குது" என்றார்.

எங்கள் பக்கத்தில் அப்படி நினைப்பதற்குக் காரணம் உண்டு. சாயப்பட்டறைகள் தூரத்தில் இல்லை. அவர் முகத்தில் உண்மையான பயம் இருந்தது. என் கை முழங்கைவரை ஆரஞ்சாக இருந்தது. வாளியை மறைக்கப் பார்த்து, முடியாமல், உண்மையைச் சொன்னேன்.

"நாந்தானுங்க மாமா. கேசரிப் பவுடருங்க. ஆராய்ச்சிக்கு."

அவருக்கு உயிர் வந்தது. "தின்னுற சாமான் தானா" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்று வருஷமாக வராத கேள்வி எனக்கு அப்போதுதான் வந்தது.

"வாய்க்கால்ல ஊத்துனது தென்னைக்கு எப்படிங்க மாமா வந்துது?"

அவர் வாய்க்காலைப் பார்த்தார், மட்டைக் குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியும்னுதான் சாமி நெனச்சேன். நம்மூட்டுக் குழாய்தான். அதுமேலதானே தெனமும் உக்காந்து எழுதற?"

மட்டைகளை விலக்கிக் காட்டினார். மோட்டார் ரூமில் நான் நகர்த்தி வைத்த அதே கறுப்பு ஓஸ், சாக்கு சுற்றிக் கரைமேல் ஏறித் தோப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் வாய், நான் கேடயம் வாங்கிய சுழலின் நட்டநடுவில் தண்ணீருக்குள் இருந்தது. கரை உயரம், தோப்பு பள்ளம். ஒருமுறை உறிஞ்சி இழுத்துவிட்டால் தண்ணீர் தானாக வந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தில் ஏதோ நடக்கிறது என்பதை மட்டும் சரியாகக் கண்டுபிடித்திருந்தேன்.

அன்று மாலை சத்தீஸ்கரிலிருந்த கணவரைக் கைபேசியில் பிடித்துக் கேட்டேன். அவருக்கும் தெரியும். சின்ன வயசிலிருந்தே தெரியும். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "வாய்க்காலப் பத்திப் படிக்கறவளுக்கு வாய்க்கால்ல என்ன இருக்குதுன்னு நாஞ் சொல்றதா?" என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டார்.

மறுநாள் மதகு பார்க்கும் லஸ்கரைப் பாலத்தருகே பார்த்தேன். அவரிடமும் கேட்டுவிட்டேன். அவர் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னதில் இன்னொன்றும் தெரிந்தது. நான் அளக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் தண்ணீர் இன்னும் அதிகமாகக் குறைந்ததை நான் கருவிப் பிழை என்று ஒதுக்கியிருந்தேன். அது பிழையில்லை.

"நீங்க கரண்ட் மீட்டர் கொண்டாந்ததும் கவர்மெண்டு ஆளுன்னு நெனச்சு நாலஞ்சு பேரு குழாய உருவிட்டாங்க. உங்க மாமா மட்டும் உருவுலீங்க. மருமகதானே அளக்கறாங்கன்னு உட்டுட்டாருங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது என்று சொல்ல ஆசைதான். வந்தது வெட்கம். கடைமடையில் தண்ணீர் போதாமல் நிலத்தைத் தரிசாகப் போட்டவர்கள் ஊரில் இருந்தார்கள். குறையும் தண்ணீருக்குக் காரணம் தேடி அவர்கள் தெருவழியாகவே ஸ்கூட்டியில் போய் வந்திருக்கிறேன். அந்தத் தண்ணீரில் காய்த்த தேங்காயைத்தான் தினமும் துருவிக்கொண்டிருந்தேன். ஆனால் மாமனாரிடம் குழாயை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆய்வுக்காகப் பத்து நாள் மட்டும் அடைத்து வையுங்கள் என்று கேட்டேன். வெயில் காய்கிறதே, குரும்பை உதிர்ந்துவிடுமே என்று கொஞ்சம் முனகிவிட்டு அடைத்தார். அந்தப் பத்து நாளும் பாலத்தடியிலும் படிக்கட்டிலும் எடுத்த அளவுகள் கணினியோடு அப்படியே பொருந்தின. பாறைகளையெல்லாம் எடுத்துவிட்டு, முதல் நாள் போட்ட சாதாரண சிமெண்டுத் தரையை வைத்தே பொருந்தின. எட்டு மாதத் திருத்தம் எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை. என் மடிக்கணினி முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் அதை அடித்துத் திருத்திப் பொய் சொல்லப் பழக்கியிருந்தேன்.

சேலத்துக்குப் போய் நெறியாளரிடம் இரண்டு வரைபடங்களையும் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப அந்தச் சுழல்?"

"இல்லைங்க சார்."

"கேடயம் வாங்குனியேம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. கருத்தரங்குக்காரர்களுக்குக் கடிதம் எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர்கள் வருத்தமே படவில்லை. கேடயத்தை நானே வைத்துக்கொள்ளலாம் என்று பதில் எழுதினார்கள். டிவிக்குப் பக்கத்திலிருந்து அதை எடுத்தபோது ஏன் என்று மாமனார் கேட்டார். தூசி என்றேன்.

ஆய்வேட்டில் அந்தக் குழாயைச் சேர்க்காமல் விட முடியாது. பக்கவாட்டு வெளியேற்றம் என்று நாகரிகமாக ஒரு பெயர் வைத்தேன். என்ன அகலம் என்று மாமனாரைக் கேட்டேன், மூணு இஞ்சு என்றார், எழுதிக்கொண்டேன். ஆதாரம் என்ற இடத்தில் 'தனிப்பட்ட தகவல்' என்று போட்டேன்.

வாய்மொழித் தேர்வு யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பது விதி. கணவர் வர முடியாததால் மாமனார் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கடைசி வரிசையில், கல்லூரியில் கொடுத்த மிக்சர் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது பேர் இருப்பார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு பெண்மணி. ஓய்வு பெறும் வயது, தணிந்த குரல். முக்கால் மணி நேரம் ஆங்கிலத்தில் போனது. நன்றாகவே போனது. கடைசியில் அவர் எழுந்து வந்து பலகையில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே மூன்று என்று எழுதினார். நான் தடுமாறுவேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தமிழுக்கு மாறினார்.

"மூணு இஞ்சுக் குழாயில இவ்வளவு தண்ணி எப்படிம்மா போகும்?"

போகாது. கேட்டதுமே தெரிந்துவிட்டது. குறைந்த தண்ணீரின் அளவை நான் வாய்க்காலில் கணக்கிட்டிருந்தேன். குழாயின் அகலத்தைக் கேட்டு எழுதியிருந்தேன். இரண்டையும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்பார்க்கவே இல்லை. இரண்டு மடங்கு வித்தியாசம். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. குழாயின் உள்பக்க வழவழப்பு, காற்றழுத்தம், உறிஞ்சும் வாயருகே உண்டாகும் கொந்தளிப்பு என்று ஆரம்பித்தேன். இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் இன்னொரு சுழலைக் கண்டுபிடித்திருப்பேன்.

கடைசி வரிசையில் மாமனார் எழுந்து நின்றார். "அது நாலு இஞ்சுங்க" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். நீங்கள் யார் என்று தேர்வாளர் கேட்டார்.

"குழாய் எங்களுதுங்க. அம்மிணிகிட்ட மூணுன்னு சொல்லிட்டேன்."

"ஏங்க குறைச்சுச் சொன்னீங்க?"

"மூணுன்னாக் கொஞ்சம் கவுரதையா இருக்கும்னு தோணுச்சுங்க" என்றார்.

என் நெறியாளர் குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினார். அவர் போட்டிருந்தது செருப்பு. தேர்வாளர் மட்டும் சிரிக்காமல் பலகையில் மூன்றை அழித்து நான்கு என்று எழுதி, ஓரமாகப் பெருக்கிப் பார்த்தார். "இப்ப சரியா வருது" என்றார். பிறகு என்னிடம், பட்டத்துக்குப் பரிந்துரை செய்கிறேன், ஆனால் அந்தக் குழாயை நாடா வைத்து நீயே அளந்து திருத்திக் கொடுத்துவிட வேண்டும் என்றார். நீயே என்பதைச் சற்று அழுத்திச் சொன்னார்.

காரில் திரும்பும்போது சங்ககிரி வரைக்கும் மாமனார் மிக்சர் பொட்டலத்தை மடியில் அப்படியே வைத்திருந்தார். அங்கே டீக்கு நிறுத்தினோம். என்னால் உனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லையே என்று கேட்டார். பாஸ்தானுங்க மாமா என்றேன். அப்போதுதான் மிக்சரைப் பிரித்தார்.

மறுநாள் காலை நாடாவோடு தோப்புக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே போய் ஓஸ் முழுவதையும் வாய்க்காலிலிருந்து இழுத்துக் களத்தில் நீட்டிப் போட்டிருந்தார். நான் அளந்தேன். நாலு இஞ்சு. நம்பாமல் மறுபடியும் அளந்தேன். அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அளந்தாயிற்று, மறுபடி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லவும் முடியாமல், போடாதீர்கள் என்று சொல்லவும் முடியாமல் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"அது அப்படியே கெடக்கட்டும் அம்மிணி. அத்தன பேரு முன்னால சொல்லிப்போட்டு மறுபடியும் கொண்டுபோயி எப்படிப் போடறது" என்றார்.

அந்த ஓஸை அவர் அதன்பிறகு வாய்க்காலில் போடவில்லை. குழாயை உருவியவர்களில் இரண்டு பேர், நான் கருவியைத் திருப்பிக் கொடுத்த மாதமே மறுபடி போட்டுக்கொண்டார்கள் என்று லஸ்கர் சொன்னார். அதைப் பற்றி நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. கணவர் ஊருக்கு வந்து, ஊரெல்லாம் துளைக்கும் ரிக்கைக் கடைசியில் சொந்தத் தோப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். முதல் குழியில் தண்ணீர் இல்லை, பாறைத் தூள்தான் புகையாக வந்தது. இரண்டாவதில் சுமாராகத் தண்ணீர் கிடைத்தது. அதற்குச் சொட்டுநீர் போட்டிருக்கிறோம்.

அந்த வருஷம் தேங்காய் சிறுத்துத்தான் காய்த்தது. சட்னி அரைக்க வழக்கமாக ஒரு மூடி போதும். அப்போது ஒரு முழுக் காய் வேண்டியிருந்தது. மாமனார் ஒன்றை எடுத்து வந்து உடைத்து, இரண்டு மூடியையும் கொடுத்துவிட்டுத் தோசைக்கு உட்கார்ந்தார்.